இரண்டு வலிகளுக்கு நடுவே

(‘தாய்மையும் தமிழ்க் கவிதையும்’ என்னும் பொதுத் தலைப்பில் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தாய்மையும் தமிழ்க் கவிதையும்’ என்ற பெரிய தலைப்பொன்றை எனக்குத் தந்திருக்கிறீர்கள். இதில் பேசுவது எளிது. தாயைப் புகழ்ந்த பாடல்கள் நம்மிடம் ஏராளம். அவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு மணி நேரம் போய்விடும். நீங்களும் கைதட்டி அனுப்பிவிடுவீர்கள். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தலைப்பின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தாய்மை தொடங்கும் அந்த ஓர் இரவு, அதிலும் முதற்பிள்ளை பெறுகிறவளின் இரவு, அந்த இரவில் வந்து வந்து போகும் வலி. இவ்வளவுதான் என் பொருள். மேடையில் பேசத்தக்கதா இது என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தால் என் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016ஆம் ஆண்டு. நம் வட்டம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்த நேரம். என் மகள் தலைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு பிற்பகல், என்னோடு அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், “வலி எப்படி அம்மா இருக்கும்?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். இரண்டு கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவள். ஒரு தும்பியின் சிறகுக்கு நான்கு உவமைகள் தேடி நான்கையும் அடித்தவள். என் மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “வரும்போது உனக்கே தெரியும்.” என் தாய் எனக்குச் சொன்னதும் இதே வாக்கியம். அவருடைய தாயும் இதையே சொல்லியிருக்க வேண்டும்.

வந்தபோது அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு அவளுக்கு வயிறு வலிக்கவே இல்லை. கீழ்முதுகில் ஒரு கடுப்பு எழுந்து, தொடைவரை இறங்கி, மறைந்து, மீண்டும் எழுந்தது. பிள்ளை வலி என்றால் வயிற்றில் வரும், திரைப்படத்தில் காட்டுவதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறிச் சாய வேண்டும் என்று எண்ணியிருந்தவள் அவள். நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்ததால் வந்த முதுகு வலி என்று முடிவு செய்து சுவரோரமாகத் திரும்பிப் படுத்தாள். இடையில் எழுந்த நானும் சூட்டு வலி என்றேன். சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுபடியும் எங்களை எழுப்பக் கூச்சப்பட்டு விடியும்வரை பொறுத்திருந்தாள். ஆட்டோவில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது கருப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்திருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் வழியிலேயே ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அங்கே வேறொன்றும் நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் வலி பொறுக்காமல் கத்திய ஒரு பெண்ணைப் பார்த்து அங்கிருந்த ஒருவர் சொன்ன சொற்களை என் மகள் பிறகு என்னிடம் சொன்னாள். இந்த அவையில் அவற்றை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். கருவுற்றதையே குற்றமாக்கும் சொற்கள் அவை என்று மட்டும் அறிந்துகொள்ளுங்கள். பெண்கள் பலருக்கு அவை புதியவை அல்ல. அவற்றைக் கேட்டபின் என் மகள் வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளை பிறக்கும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். மூன்றாம் நாள், பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, என் முகத்தைப் பாராமலே சொன்னாள்: “அம்மா, நீ கவிதை எழுதுகிறவள். எனக்கு ஒரு சொல்கூடக் கொடுத்து அனுப்பவில்லையே.”

காலம் தாழ்ந்து நான் அவளுக்குத் தரும் விடையே இந்த உரை.

நம் மொழி இந்த இரவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று அதன்பின் தேடத் தொடங்கினேன். தொல்காப்பியர் உரியியலில் இரண்டு சொற்களுக்குப் பொருள் கூறுகிறார். ஒன்று ‘வயா’, அது வேட்கைப் பெருக்கம். கருவுற்றவளுக்கு எழும் வேட்கையைச் சங்கப் பாடல்கள் அச்சொல்லால் குறித்தன. மற்றொன்று ‘புனிறு’, அது ஈன்ற அணிமை. முதற்சூலுக்குக் ‘கடுஞ்சூல்’ என்றொரு சொல் இருந்திருக்கிறது. ஆக, மசக்கைக்குச் சொல் உண்டு. முதற்கருவுக்குச் சொல் உண்டு. பெற்ற மறுநாளுக்கும் சொல் உண்டு. இவற்றின் நடுவே கிடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு நோவு, வலி என்ற பொதுச் சொற்களே எஞ்சுகின்றன. தலைவலிக்கும் அதுவே, பல்வலிக்கும் அதுவே.

வள்ளுவர் ஈன்ற பொழுதைக் குறிப்பிடுகிறார். மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்கும் தாயின் மகிழ்ச்சி, அவனைப் பெற்ற பொழுதின் மகிழ்ச்சியினும் பெரிது என்பது அவர் கருத்து. பெற்ற பொழுதில் அவர் கண்டது மகிழ்ச்சி. புறநானூற்றில் பொன்முடியார், பெற்று வளர்த்தலைத் தாயின் கடமையாக வைக்கிறார். பட்டினத்தார், தாயின் சிதைக்கு முன் நின்று அவள் சுமந்து பெற்றதை எண்ணி உருகுகிறார். அங்கே அது தீர்க்க முடியாத கடன். மகிழ்ச்சி, கடமை, கடன். மூன்றும் மெய், மூன்றும் பெரியவை. ஆனால் மூன்றும் பிள்ளை பிறந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னவை. கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு கிடப்பவள் திரும்பிப் பார்க்கும் இடத்தில் இல்லை. அடுத்த வலி எப்போது, அது எவ்வளவு நேரம் என்பதே அப்போது அவளுடைய உலகம்.

இக்காலத்தில் நிலை மாறியிருக்கிறது. 1986இல் ஈழத்துப் பெண்களின் கவிதைத் தொகுதியான ‘சொல்லாத சேதிகள்’ வெளிவந்தது. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. உடல் கவிதைக்குரிய பொருளன்று என்று இனி எவரும் சொல்ல முடியாது. அந்தத் துணிவின் நிழலில் நின்றே நானும் இன்று இதைப் பேசுகிறேன்.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் எனக்கு ஒரு சிறு பிணக்கும் உண்டு. ‘இந்தக் கவிதையைப் பிரசவிக்க மூன்று மாதம் வலித்தது’ என்று இந்த மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! (சிரிப்பு) கவிதை வரவில்லையென்றால் தாளை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். மறுநாள் தொடரலாம். பிடிக்காவிட்டால் கிழித்தும் போடலாம். பிள்ளை வலியை மடித்து வைக்க இயலாது. அந்த உவமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கும் பொருளின் எடையைத் தெரிந்து வாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வலிக்குச் சொல் தேடும் வேலையை மருத்துவ உலகம் செய்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக், மக்கள் தம் வலியை விவரிக்கும் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தினார். 1975இல் அவர் வெளியிட்ட வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக உள்ளன. 1981இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதே சொற்களைப் பேற்று வலியில் இருந்த பெண்களிடம் கொடுத்துப் பார்த்தனர். தலைப்பேற்றுப் பெண்களின் வலி, முன்பே பெற்றவர்களுடையதைவிடச் சராசரியில் மிகுந்திருந்தது. எனினும் பெண்ணுக்குப் பெண் அது வெகுவாக வேறுபட்டது. ஒருத்திக்கு மிதமாக இருந்தது மற்றொருத்திக்குத் தாங்கவொண்ணாததாக இருந்தது. ஆகவே நான் இன்று சொல்லப்போவது என் வலியை; எல்லாருடைய வலியையும் அன்று.

ஓர் ஆய்வாளர் வலிக்கு அகராதி தொகுக்கிறார் என்றால், நிகண்டுகள் பல கண்ட நம் மொழிக்கு அது ஆகாத செயலா? நம் வீடுகளில் புழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். கடுப்பு, குடைச்சல், குத்தல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, முறுக்கு, பிசைதல், திருகல், சுளுக்கு, வெட்டு, எரிச்சல், காந்தல், விண்விண் என்று தெறித்தல். ஒவ்வொன்றும் வேறு. கால் உளையும், காது குடையும், வயிறு பிசையும், புண் காந்தும். மாற்றிச் சொன்னால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பேற்றறைக்குள் கொண்டுபோய் வைக்கும் வேலைதான் மீதி. எனக்கு நேர்ந்ததை இந்தச் சொற்களைக் கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

1987ஆம் ஆண்டு மாசி மாதம். விருதுநகர் – மானாமதுரை ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஊரில், என் தாய் வீட்டின் உள்ளறை. அந்நாளில் அது மீட்டர்கேஜ் பாதை. ரயில் கண்ணுக்குத் தெரியுமுன், ஓசை காதில் விழுமுன், தண்டவாளத்தில் ஓர் அதிர்வு வரும். சிறு பிள்ளைகளாக இருந்தபோது குனிந்து காதை வைத்துக் கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் கண்டால் அடி விழும். அந்த அதிர்வை மறந்துவிடாதீர்கள். மீண்டும் அதற்கு வருகிறேன்.

விளக்கு வைக்கும் வேளையில் தொடங்கியது. முதலில் வலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வயிறு தானாக இறுகிற்று. கை வைத்துப் பார்த்தால் தேங்காய்போல் கெட்டியாக இருந்தது. நாற்பது எண்ணுவதற்குள் தளர்ந்தது. மாதவிலக்கின் முதல் நாளில் அடிவயிற்றில் வருமே ஒரு கனம், அதுபோல. எட்டாம் மாதம் முதலே இத்தகைய இறுக்கம் அவ்வப்போது வந்துபோனதுண்டு. 1872இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விவரித்தமையால் மருத்துவ நூல்கள் அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கின்றன. நம் பெண்கள் பொய்வலி என்றும் சூட்டு வலி என்றும் அதைச் சொல்வார்கள்.

பொய்வலிக்கு ஒழுங்கு கிடையாது. எழுந்து நடந்தால், தண்ணீர் குடித்தால், புரண்டு படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெய்வலி இவற்றுக்கு அடங்காது. அதன் இடைவெளி குறையும், ஒவ்வொன்றின் நேரமும் நீளும், வலிமை கூடும். என் மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் பாடம் இது: வலி எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்காதே, எப்படித் திரும்பி வருகிறது என்று பார். முதுகில் வந்தாலும் தொடையில் வந்தாலும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்பதாக, ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் புறப்படு. பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் கண்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திராமல் உடனே புறப்படு. நடு இரவானாலும் என்னை எழுப்பு. இவ்வளவு சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

இரவு பத்து மணியளவில் மருத்துவச்சி வந்தார். எங்கள் தெருவில் பாதிப்பேரைக் கையில் ஏந்தியவர் அவர். மற்ற நாட்களில் கொல்லைப்புற வாசலோடு நிறுத்தப்பட்டவர். பிள்ளை பிறக்கும் இரவில் மட்டும் உள்ளறைவரை அழைக்கப்பட்டவர். அவருடைய பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. அந்தக் குறையை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். என் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் சொன்னார்: “தாயி, வர்றது தெரியுதுல்ல? வரட்டும். அதோட மல்லுக்கட்டாத. மூச்ச அடக்காம விடு. போனதும் கண்ண மூடிக்க. அடுத்தது வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்ரலாம்.”

நள்ளிரவுக்குப் பின் கடுப்பு முறுக்காயிற்று. நனைந்த ஜமுக்காளத்தை இரண்டு பேர் இரு முனைகளில் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முறுக்கிப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு நடுவில் வந்து சேரும். அந்த நடுவிடத்தில் நான் இருந்தேன். முதலில் முதுகின் அடியில் தண்டவாளம் அதிரும். இதோ வருகிறது என்று உடம்பு அறிந்துகொள்ளும். பிறகு இடுப்பின் இருபுறமும் சுற்றி அடிவயிற்றில் வந்து கூடும், ஏறும். இதற்கு மேல் ஏற இடமில்லை என்று தோன்றும் இடத்தில் இன்னும் ஒரு பிடி ஏறும். அங்கே சற்று நிற்கும். பிறகு யாரோ பிடியை விட்டாற்போல் இறங்கும். இறங்கியபின் ஒன்றுமே இல்லை.

யாரும் எனக்குச் சொல்லியிராதது இதுதான். நடுவில் வலி இல்லை. சிலருக்கு முதுகில் ஒரு மிச்சம் தங்குவதுண்டு. எனக்கு அதுவும் இல்லை. தெருவில் நாய் குரைப்பது கேட்டது. அத்தை வெற்றிலை இடிக்கும் ஓசை கேட்டது. தாகம் எடுத்தது. மருத்துவச்சி சொன்னபடியே உண்மையில் தூங்கியும் போனேன். இரண்டு நிமிடம்தான் இருக்கும், விடிய விடியத் தூங்கியதுபோல் இருந்தது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வலி நன்றாகப் பிடித்த பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு மணி நேரத்தில் வலி 20 நிமிடம்; வலியில்லாத நேரம் 40 நிமிடம். தொடக்கத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்றாக 40 நொடி வலித்தால் ஒரு மணி நேரத்தில் மொத்தம் 4 நிமிடம்தான். இரவு முழுவதும் வலித்தது என்று நாம் சொல்கிறோம். அந்த வாக்கியத்தைக் கேட்கும் முதற்சூலி, இரவு முழுவதும் ஒரே வலியாக எரியும் என்று எண்ணிக்கொள்கிறாள். ஒரு வலி இறங்கியபின்னும் தோளையும் தாடையையும் இறுக்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறாள். அவளுக்குரிய அந்த 40 நிமிடத்தை அச்சம் தின்றுவிடுகிறது. சீரும் தளையும் அறிந்த கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடைவெளியின்றி ஓசை இல்லை.

உடலுக்குள் நடப்பதை மருத்துவர்கள் விளக்கியபோது எனக்கு அது இன்னும் தெளிவாயிற்று. கருப்பை ஒரு தசைப் பை. வலி என்று நாம் சொல்வது அதன் இறுக்கம். மற்ற தசைகள் இறுகித் தளர்ந்தால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். பேற்று வலியின்போது கருப்பையின் மேற்பகுதித் தசை முழுவதும் திரும்புவதில்லை. ஒவ்வோர் இறுக்கத்துக்குப் பிறகும் சிறிது குறுகியே நிற்கிறது. அவ்வாறு மேலிருந்து இழுக்க இழுக்க, கீழே கருப்பை வாய் மெலிந்து திறக்கிறது. 10 சென்டிமீட்டர் வரை திறக்கிறது. தலைப்பேற்றில் அந்த வாய் முதலில் மெலிந்து, பிறகே அகலும். அடுத்த பேறுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒருங்கே நிகழும். தலைச்சன் பிள்ளைக்கு நேரம் கூடுதலாக ஆவதற்கு இது ஒரு காரணம். வலி உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைகிறது, தளரும்போது மீள்கிறது. ஆகவே அந்த இடைவெளி தாய்க்கு ஓய்வு, பிள்ளைக்கு மூச்சு. வந்துபோகும் ஒவ்வொரு வலியும் சிறிது வழியை விட்டுச் செல்கிறது. எந்த வலியும் வீணன்று என்று அன்று யாராவது என் காதில் சொல்லியிருந்தால் அடுத்ததை வேறு முகத்தோடு எதிர்கொண்டிருப்பேன்.

விடியலுக்குச் சற்று முன் இடைவெளிகள் குறுகின. ஒன்று முழுவதும் இறங்குமுன் அடுத்தது ஏறியது. கால்கள் நடுங்கின. வாந்தி எடுத்தேன். வேர்த்துக் குளிர்ந்தது. “என்னால் முடியாது, நான் வீட்டுக்குப் போகிறேன்” என்றேன். நான் என் வீட்டில்தான் இருந்தேன். (சிரிப்பு) எல்லாரும் பதறினார்கள். மருத்துவச்சி மட்டும் சிரித்தார். “முடியலன்னு சொல்லிட்டியா? அப்ப முடியப் போகுது” என்றார். இந்த வரிக்கு நிகராக நான் இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை.

அவர் சொன்னது சரியாக இருந்தது. அடுத்து வந்ததை வலி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ஓர் உந்தல். தும்மல் வரும்போது நாம் தும்முவதில்லை, தும்மல்தான் நம்மைத் தும்முகிறது. அதுபோல உடம்பு தானே முக்கியது. நான் அதனுள் ஓர் ஓரமாக இருந்தேன். தலை வெளிப்பட்ட கணத்தில் மிளகாய் பட்ட புண்போல வட்டமாக ஓர் எரிச்சல். பிறகு ஒரு வழுக்கல். ஈரமும் சூடுமாக ஏதோ ஒன்று என் தொடையருகே கிடந்து அழுதது. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, வலி எப்படி இருக்கும் என்று கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கேட்கப் போகிறவள் அவள்தான்.

இவ்வளவும் சொன்னதால் வலியை நான் போற்றுவதாக எவரும் எண்ண வேண்டாம். வலித்தால்தான் தாய் என்பது கொடிய கருத்து. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை வழி நிகழ்ந்தவை. அவர்களுள் பலர் மணிக்கணக்கில் வலித்தும், பிறகு அறுவைக்கும் சென்றவர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு பெறுகிறவர்களும் உண்டு. எவரும் குறைந்த தாய் அல்லர். தாங்கும் திறனை அளக்க நான் இங்கே வரவில்லை. ஒருத்தி தனக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்து, அதை வாய்விட்டுச் சொல்லி, கேட்பாருடைய மதிப்பையும் பெற வேண்டும் என்பதே என் கவலை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள், பேற்றின்போது மதிப்போடு நடத்தப்படுவதையும், தான் விரும்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்வதையும் பெண்ணுக்குரியவை என்கின்றன. தலைப்பேற்றில், 5 சென்டிமீட்டர் திறந்தபின் 12 மணி நேரம் வரை ஆகக்கூடும் என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கை எல்லாப் பெண்களுக்கும் பொருத்தக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. என் மருத்துவச்சி இவற்றைப் படித்தவர் அல்லர். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், அவசரப்படுத்தவில்லை, பேசிக்கொண்டிருந்தார்.

தாலாட்டு, பிள்ளை பிறந்த பின் பாடுவது. ஒப்பாரி, உயிர் போன பின் பாடுவது. நலங்குக்கும் வளைகாப்புக்கும்கூடப் பாட்டு உண்டு. நடுவில் உள்ள அந்த இரவுக்கென ஒரு பாட்டு எங்கள் ஊரில் இருக்கவில்லை. இருந்தது மருத்துவச்சியின் பேச்சு மட்டுமே. பிள்ளைப்பேறு மருத்துவமனைக்குச் சென்றது பெரும் நன்மை. எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. பழையபடி வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சையும் உடன் அனுப்பத் தவறினோம் என்றுதான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் தம்பி மகள் அதே கேள்வியைக் கேட்டாள். இம்முறை நான் வாயடைத்து நிற்கவில்லை. தேங்காயைச் சொன்னேன், ஜமுக்காளத்தைச் சொன்னேன், தண்டவாளத்தைச் சொன்னேன், 20, 40 என்ற கணக்கைச் சொன்னேன், முடியாது என்று தோன்றும்போது முடியப்போகிறது என்றேன். கத்த வேண்டும்போல் இருந்தால் கத்து, யார் என்ன சொன்னாலும் அது உன் உரிமை என்றேன். பிள்ளை பெற்ற நான்காம் நாள் தொலைபேசியில் பேசினாள். “அத்தை, நீங்க சொன்ன மாதிரி தண்டவாளமெல்லாம் எனக்கு இல்லை. வாஷிங் மெஷின் கடைசியில் அப்படியே தூக்கித் தூக்கிப் போட்டுச் சுத்துமே, அந்த மாதிரி இருந்தது. ஆனா நடுவில ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்களே, அதைத்தான் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டேன்.”

என் உவமை அவளுக்குப் பொருந்தவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் தன் வலிக்குத் தானே ஓர் உவமை கண்டுபிடித்துவிட்டாள்.

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்கிறது. பதினோராம் ஆண்டுக்கு ஒரு சிறு பணியை முன்மொழிந்து என் உரையை முடிக்கிறேன். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும், ஆண்களும் தவறாமல், வீட்டுக்குச் சென்று தம் தாயிடமோ மனைவியிடமோ அக்காவிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தலைச்சன் பிள்ளைக்கு வலி எப்படி இருந்தது?” ‘அதெல்லாம் எதற்கு’ என்றுதான் முதலில் சொல்வார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள். திருத்த வேண்டாம், யாப்பில் அமைக்கவும் வேண்டாம். அவற்றைத் திரட்டி ஒரு சிறு நூலாக்குவோம். வட்டத்தின் நூல்களிலேயே மெலிந்த நூலாக அது இருக்கலாம். ஆனால் பேறுகாலப் பையில், பிள்ளைக்கான பழைய வேட்டித் துணிக்கும் வெந்நீர்க் குடுவைக்கும் இடையே வைத்தனுப்பத்தக்க நூலாக இருக்கும்.

என் பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவள் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ‘வரும்போது உனக்கே தெரியும்’ என்ற விடை எங்கள் வீட்டில் இருக்காது.

பெயர் கேட்க மறந்த அந்த மருத்துவச்சிக்கு என் நன்றி.